பிஞ்சுச் சினை

காலையில் சொல்கிறேன் என்றுதானே சொன்னாள், காலை வந்துவிட்டதே என்று ரெஜினாள் நினைத்தாள். நினைத்தபடியே நண்டின் முள்ளில் சுற்றிக்கொண்டிருந்த வலை நரம்பை நகத்தால் நிமிண்டினாள். வரவில்லை. வலை நரம்புக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு, எடுப்பவள் மனசு வேறெங்கோ இருக்கிறது என்று தெரிந்தால் போதும், இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். கரையில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஈர வலை குவியலாகக் கிடந்தது. அந்தப் பக்கம் அவள் புருஷன் சவரிமுத்து, விடியலில் தான் பிடித்து வந்த நண்டுகளைத் தானே கழற்றிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் இவள், நடுவில் கூடை. கூடைக்குள் நண்டுகள் ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டு கறகறத்தன. தலையைத் தூக்கினால் மாதா கோவிலுக்குப் பின்னால் வீடு தெரியும். தூக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். தூக்கினாள். கதவு சாத்தியே இருந்தது. உள்ளே ஜெனோவாவும் எமிலியும் இருக்கிறார்கள். ஒருத்தி மகள், இன்னொருத்தி அந்த மகளைப் பெற்றவள். வெளியூர்க்காரர்களுக்குத்தான் இதை விளக்க வேண்டும், இந்த ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். ஜெனோவா ரெஜினாளின் தங்கை எமிலி பெற்ற பிள்ளை. எமிலி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அது கைக்குழந்தை, ரெஜினாள்தான் வளர்த்தாள். அம்மா என்று இவளைத்தான் கூப்பிடும், பெற்றவளை எமிலியம்மா என்னும். இப்போது எமிலி குவைத்தை ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். திருச்சியில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை, பக்கத்திலேயே வாடகை வீடு, பத்தாவது முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் மேலே படிக்க வைக்க வேண்டும் என்கிறாள். வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. பிள்ளை வருமா வராதா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. ராத்திரி சாப்பாட்டில் அக்காவும் தங்கையும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஜெனோவா மீன் முள்ளைத் தட்டோரத்தில் ஒதுக்கிவிட்டு, "காலையில சொல்றேன்" என்றாள்.

காலை என்றால் எது காலை, கோவில் மணி அடித்ததே அதுவா, காப்பி குடித்தபோதா, இல்லை வண்டி வந்து வாசலில் நிற்கும்போதுதான் காலையா. ரெஜினாள் படுக்கையை விட்டு எழுந்தபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்து போனது. அது கைக்குழந்தையாக இருந்தபோது பிடித்த பழக்கம், ராத்திரியில் ரெண்டு மூன்று தரமாவது எழுந்து தொட்டுப் பார்க்காவிட்டால் அவளுக்கு விடியாது. கைக்குழந்தையைத் தொட்டுப் பார்க்கலாம், வயசுக்கு வந்த பெண்ணை எதற்கடி தொட்டுப் பார்க்கிறாய் என்று சவரிமுத்து ஏசுவார், அவருக்கென்ன, படுத்தால் கட்டை. அந்தப் பக்கம் எமிலி தரையில் சுருண்டு கிடந்தாள். கட்டில் இருக்க ஏன் தரையில் கிடக்கிறாள், குவைத்தில் இப்படித்தான் கிடந்தாளோ, அடுப்படி ஓரத்தில், துணி துவைக்கிற இடத்தில். கேட்டால் நல்ல ரூம்க்கா, ஏசி ரூம்க்கா என்பாள். கையைப் பார்த்தால் தெரியாதா, வெளுப்புத் தண்ணீரில் ஊறி ஊறி உள்ளங்கைத் தோல் உரிந்து கிடக்கிறது. இந்தக் கையைப் பிடித்துத்தானே பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது. ஆத்தா செத்தபோது எமிலிக்கு நடை வராது, ரெஜினாளின் இடுப்பில்தான் கிடந்தது. இடுப்பில் பிள்ளையோடு திரிந்ததால் கலியாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். சவரிமுத்து ஒருத்தர்தான், அந்தப் பிள்ளையையும் கொண்டுவா என்றார். அதற்காகவே அவர் என்ன ஏசினாலும் பொறுத்துக்கொள்ளலாம். இந்தா, வந்துவிட்டது நரம்பு. நண்டைக் கூடையில் போட்டாள்.

அடுத்த நண்டின் முதுகில் கொட்டலசு பிடித்திருந்தது. வெள்ளை வெள்ளையாக, சின்னச் சின்னச் சுண்ணாம்புக் குமிழாக, முதுகு நிறைய. பாறையில் பிடிக்கும், படகில் பிடிக்கும், ஆமை முதுகில் பிடிக்கும், இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொள்கிற ஜாதி. உட்கார்ந்தால் அவ்வளவுதான், பிறகு எழுந்து போகத் தெரியாது. நண்டு போகிற இடமெல்லாம் அதுவும் போகும். இளநண்டு என்றால் ஓட்டைக் கழற்றும்போது இந்தச் சனியன்களையும் சேர்த்துக் கழற்றிப்போட்டுவிட்டுப் பளபளவென்று புறப்பட்டுவிடும். வயசான நண்டு ஓடு கழற்றுவதில்லை, அது கடைசிவரை சுமக்கும். எமிலி நேற்று வாசலில் உட்கார்ந்து சொன்னாளே, "உன்னைய ஒட்டிக்கிட்டே இருந்தா அவ எப்பக்கா உலகத்தப் பாக்குறது?" ஒட்டிக்கிட்டே. சொல்லிவிட்டு எமிலி உடனே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள், தப்பாகச் சொல்லவில்லை என்றாள், இருந்தாலும் அந்த வார்த்தை போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது, எழுந்து போகமாட்டேன் என்கிறது. யார் யாரை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையா என்னை, நானா பிள்ளையை. எமிலியின் புருஷன் எவளோடோ போன பிறகு, எமிலி குவைத்துக்குக் கிளம்பின அன்றைக்கு, பஸ்ஸில் ஏறும்போது அவள் ரவிக்கை நனைந்திருந்தது. பால். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் போனதும் பிள்ளை வீறிட்டது. புட்டியைத் தள்ளியது, சங்கில் ஊற்றினால் துப்பியது, ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, கடைசியில் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு ரெஜினாள் தன்னுடையதைக் கொடுத்தாள். ஒரு சொட்டு இல்லை. பெறாத மார்பில் எங்கிருந்து வரும். ஆனால் அது கவ்விக்கொண்டது. கவ்விக்கொண்டு, விம்மி, விம்மி, தூங்கியது. வலித்தது. அப்படி ஒரு வலிக்காகத்தான் அத்தனை வருஷம் கோவில் கோவிலாகப் போனாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பிள்ளை பசியாறவில்லை, ரெஜினாள்தான் பசியாறினாள். அன்றைக்கு அந்தோணியார் முன்னால் நின்று ஒரு நேர்ச்சை சொன்னாள், இந்தப் பிள்ளை எனக்கு நிலைக்கட்டும், என் கையில் வருகிற சினை நண்டு ஒன்றுகூடக் கூடைக்குப் போகாது, கடலுக்கே போகும்.

போனது. அது முதல் அப்படித்தான். வயிற்று மடலுக்குக் கீழே சினை தள்ளிக்கொண்டு வருகிற நண்டைப் பார்த்தால் தனியாக எடுத்துவைத்து, தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி விட்டுவிட்டு வருவாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள், ரெஜினாள் பிள்ளைகள் கடல் முழுக்கத் திரிகிறது, எல்லாம் வளர்ந்து வந்து இவளுக்குச் சோறு போடும் என்பார்கள். ஜெனோவா நடக்க ஆரம்பித்ததும் அதுவும் கூடவே இறங்கும், போயிட்டு வா போயிட்டு வா என்று நண்டுக்குக் கை காட்டும். இப்போது அந்தப் பிள்ளைக்கே போயிட்டு வா என்று சொல்ல வேண்டிவருமோ. சீ, என்ன நினைப்பு. அவள்தான் இன்னும் சொல்லவில்லையே. வரமாட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஏன் சொல்லக் கூடாது, திருச்சியில் கடல் இருக்கிறதா, அங்கே யாரைத் தெரியும் அவளுக்கு. இங்கேயே பக்கத்து டவுனில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. வரமாட்டேன் என்று சொல்லட்டும் மாதாவே, நான் சொல்லச் சொன்னதாக இருக்க வேண்டாம், அவளாகச் சொல்லட்டும். சவரிமுத்து இருமினார். தன் நினைப்பு வெளியே கேட்டுவிட்டதோ என்று ரெஜினாள் திடுக்கிட்டாள். அவர் பாட்டுக்கு ஒரு கொடுக்கை ஒடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கையில் இருந்த நண்டைப் புரட்டினாள், பார்த்தாள், கை நின்றது.

வயிற்று மடலைத் தள்ளிக்கொண்டு ஒரு மஞ்சள் பை. சினை என்றால் மணல் மணலாக இருக்கும், முதலில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பொரிக்கப்போகும்போது கறுப்பு. இது மணலாக இல்லை, மழமழவென்று, வேகவைத்த மொச்சைக்கொட்டை மாதிரி. இப்படியும் சிலது வரும். பிஞ்சுச் சினை என்று அவளே பெயர் வைத்திருந்தாள். பிஞ்சு என்பதால் இன்னும் கொஞ்சம் பதமாகப் பிடித்துக்கொண்டுபோய் விடுவாள். போன மழைக்காலத்துக்கு முன்னால் கடல் படிப்புப் படிக்கிற காலேஜிலிருந்து ஒரு டீச்சர் வந்தாள், சின்ன வயசு, நல்ல சிரிப்பு, பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ரெஜினாள் இப்படி ஒன்றைத் தண்ணீருக்குக் கொண்டுபோவதைப் பார்த்து ஓடிவந்தாள். "அக்கா அக்கா, இது சினையே இல்லக்கா. இந்த நண்டு பொண்ணே இல்ல, ஆணு." எல்லாரும் கூடிவிட்டார்கள். டீச்சர் பொறுமையாகச் சொன்னாள். இந்தப் பை வேறொரு உயிர். கொட்டலசுக்குத் தூரத்துச் சொந்தம். தூசு மாதிரி வந்து நண்டுக்குள் புகுந்து, உள்ளேயே வேர் விட்டு, பிறகு வயிற்றுக்கு வெளியே இப்படிப் பையாக வந்து நிற்கும். ஆண் நண்டாக இருந்தாலும் அதன் வயிற்றைப் பெண் வயிறு போல அகலமாக்கிவிடும். நண்டு அதைத் தன் முட்டை என்றே நினைத்துக்கொள்ளும், காலால் துடைக்கும், நல்ல தண்ணீர் படும்படி ஆட்டிவிடும். அதற்குப் பிறகு அந்த நண்டு ஓடு கழற்றாது, குஞ்சு பொரிக்காது, இதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. "இதக் கடல்ல விடாதீங்கக்கா, மத்த நண்டுக்கும் பரவும்." ரெஜினாள் கேட்டாள், பையை மட்டும் பிய்த்துவிட்டு நண்டைக் கடலில் விட்டால் ஆகாதா. "முடியாதுக்கா, வெளிய தெரியறதுதான் பை. வேர் கால் நுனி வரைக்கும் போயிருக்கும்." சவரிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அன்றைக்கு ஊரே சிரித்தது, ஆம்பிளை நண்டுக்குப் பிரசவம் பார்த்தவள் என்று கொஞ்ச நாள் பேராகிப்போனது. ஜெனோவா மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், அது நண்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டது. டீச்சர் யோசித்து, தெரியாதும்மா என்றாள்.

தெரியாது. தெரியாததால்தான் பார்த்துக்கொள்கிறது. தெரிந்தால் விட்டுவிடுமா. எனக்குத் தெரியுமே, முதல் நாளே தெரியும் என் வயிற்றில் வந்தது இல்லை என்று, நான் விட்டேனா. அப்படியானால் நான் இந்த நண்டைவிட முட்டாள். அன்றைக்கு ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்தாள், எழுந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். எவளோ பெற்றதை என்று நினைக்க வந்தது, எவளோ இல்லையே எமிலியாயிற்றே, எமிலியும் என் பிள்ளைதானே, இப்போது பிள்ளை பெற்ற பிள்ளையைப் பிள்ளை கேட்கிறது, இதில் யார் நண்டு, யார் பை. எமிலி என்னிடம் ஒட்டிக்கொண்டு வளர்ந்தாள், நான் எமிலியின் பிள்ளையை ஒட்டிக்கொண்டு மனுஷியானேன். மலடி என்று கலியாண வீட்டில் பின்வரிசையில் உட்காரவைத்தவர்கள், ஜெனோவா அம்மா வாங்க என்று முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் பிள்ளையிடமிருந்து நான் உறிஞ்சியதுதானே. கையில் நண்டு காலை உதறியது. கூடைக்குள் போடலாம் என்று கையைக் கொண்டுபோனாள். டீச்சர் சொன்னதும் அதுதான், நண்டு வாங்குகிற கம்பெனி வண்டி வந்தால் எடுத்துக்கொண்டு போகும், நேர்ச்சைக்கும் குற்றமில்லை, சினையே இல்லையே. கை கூடைக்கு மேலேயே நின்றது. "என்னடி?" என்றார் சவரிமுத்து. "ஒண்ணுமில்ல." "பிஞ்சுச் சினையா?" கேலி இல்லாமல்தான் கேட்டார், இருந்தாலும் சுருக்கென்றது. கடல் தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்தது. அதில் போட்டாள். கூடையும் இல்லை, கடலும் இல்லை. வாளிக்குள் நண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது. அடங்கினதும் வயிற்றை லேசாகத் தூக்கி, பின்னங்காலால் அந்தப் பையைத் துடைத்தது. மடலை விசிறி மாதிரி ஆட்டியது. ஆட்டிக்கொண்டே இருந்தது. வலைக்குள் செத்துப் பிழைத்து வந்திருக்கிறது, அதற்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தப் பைதான். ரெஜினாளுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக் கையால் துடைத்து இன்னும் எரிந்தது.

கதவுச் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கவில்லை. மணலில் கால் சத்தம், ஓட்டமும் இல்லை நடையும் இல்லை, அது ஜெனோவாதான். வந்து பக்கத்தில் குந்தினாள். ஊருக்குப் போகிற சுடிதார் போடவில்லை, வீட்டுப் பாவாடைதான் என்பதை ரெஜினாள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். "அம்மா, நான் போகலம்மா." நரம்பு கையிலிருந்து நழுவியது. மாதாவே என்றாள் உள்ளுக்குள், மாதாவே மாதாவே, சந்தோஷம் பொங்கி வந்தது, சிரித்துவிட்டால் எமிலிக்குத் துரோகம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், அந்தோணியாருக்கு என்ன செய்யலாம் என்றுகூட அதற்குள் ஒரு நினைப்பு ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்காதே. "ஏன்டி?" என்று கேட்டுவிட்டாள். ஜெனோவா மணலைக் கிளறினாள். "நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ?" "நான் என்ன பண்ணுவேன்னா?" "ராத்திரி ராத்திரி எந்திரிச்சு என்னையத் தொட்டுப் பாக்குறேல்ல. நான் முழிச்சுத்தான் கிடப்பேன். அசஞ்சா நீ பயந்து எந்திரிச்சு உக்காந்துக்குவ. அதான் அசையாமக் கிடப்பேன். மூச்ச நல்லா விடுவேன், உனக்குத் தெரியிற மாதிரி." கிளறின மணலைத் தட்டி மூடினாள். "அங்க போயிட்டா நீ யாரத் தொட்டுப் பாப்ப?"

ரெஜினாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். எத்தனை நாளாக இருக்கிறது இது, பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றல்லவா நினைத்தேன். எத்தனை வருஷமாக இப்படி மூச்சை விட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நான் நண்டு என்று நினைத்தேனே, ஏமாந்த நண்டு என்று, அதற்காக அழக்கூட அழுதேனே. நான் இல்லை நண்டு. இதோ குந்தியிருக்கிறது, பாவாடையைச் சொருகிக்கொண்டு, பதினஞ்சு வயசில், எதையும் கழற்றிப்போட்டுவிட்டுப் புறப்படத் தெரியாமல். கேட்டது கிடைத்துவிட்டது, மாதா கொடுத்துவிட்டாள், கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை நிலைக்கட்டும் என்றுதானே நேர்ச்சை, இதோ நிலைக்கிறேன் என்கிறது. எடுத்துக்கொள்ளேன், யார் குறை சொல்லப்போகிறார்கள், எமிலிகூடச் சொல்லமாட்டாள், அழுதுகொண்டே தனியாக வண்டியேறிவிடுவாள், இப்படி அழுதுகொண்டே வண்டியேறுவது அவளுக்குப் புதுசா. இது எனக்கு வேண்டும். இப்படி வேண்டாம். வேண்டும். ஐயோ, இப்படி வேண்டாம்.

"ஆமா, பயப்படுவேன்" என்றாள் ரெஜினாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியாமல் வந்தது. "எந்திரிச்சு உக்காந்துக்குவேன். உங்கப்பா குறட்டையக் கேட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பேன். அது என் பாடு. அதுக்கு நீ எதுக்குடி முழிச்சுக் கிடக்கணும்? போ. போய்ப் படி. அங்க போயி நல்லாத் தூங்கு. எமிலி படுத்தா, அடிச்சாலும் எந்திரிக்காதவ, அவ தொட்டுப் பாக்க மாட்டா." ஜெனோவா அவளையே பார்த்தது. பொய்யா நிஜமா என்று முகத்தில் தேடியது. ரெஜினாள் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் கதை கெட்டது என்று தெரியும். அதற்குள் எமிலி வந்துவிட்டாள், எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்றாளோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கட்டியிருந்த நல்ல சேலையோடு வலை முன்னால் உட்கார்ந்து ஒரு நண்டைக் கழற்றப்போனாள், குவைத்தில் நண்டா கழற்றினாள், கை மறந்துபோயிருந்தது, நண்டு கவ்விவிட்டது. "அக்கா!" ரெஜினாள் பாய்ந்து கொடுக்கை ஒடித்து, விரலைப் பிடித்துத் தன் முந்தானையில் அழுத்திக்கொண்டாள். "இன்னும் நண்டு பிடிக்கத் தெரியலையாடி உனக்கு." எமிலி பச்சைப்பிள்ளை மாதிரி அழுதாள். "உங்கிட்டேருந்து புடுங்கிட்டுப் போக வரலக்கா." "தெரியும்டி. கையக் காட்டு. எரியுதா?" அந்த உரிந்த உள்ளங்கையை ஊதிவிட்டாள்.

வண்டி வந்தது. சுடிதார் மாற்றிக்கொண்டு வந்த ஜெனோவா ரெஜினாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது, கட்டின கை விடுகிற வழியாக இல்லை, ரெஜினாள்தான் ஒவ்வொரு விரலாக, நரம்பை எடுக்கிற பதத்தில், எடுத்துவிட்டாள். எழுந்தபோது பிள்ளை வாளிக்குள் பார்த்தது. பார்த்துவிட்டு ரெஜினாளைப் பார்த்தது. வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, எஞ்சின் சத்தம் கோவில் தாண்டியது, சவுக்குத் தோப்புத் தாண்டியது, அதற்குப் பிறகு கேட்பது வண்டியா அலையா என்று தெரியவில்லை. ரெஜினாள் தலையைத் தூக்கவில்லை. ஒரு முள்ளில் நரம்பு சுற்றியிருந்தது, அதையே எடுத்துக்கொண்டிருந்தாள், எடுத்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகில் கை வைத்துப் பார்க்க வேண்டும்போல உள்ளங்கை ஊறியது. ராத்திரி வரும். வரட்டும். சவரிமுத்து எழுந்தார். வலையைத் தாண்டி வந்து, குனிந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் அந்த வேலையைச் செய்ததில்லை.

"அது சினை இல்லங்க" என்று கத்தினாள் ரெஜினாள்.

"தெரியும்" என்றார் அவர் திரும்பாமல். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நின்று, வாளியை மெதுவாகச் சாய்த்தார்.